நாலு டிராக்கில் நாற்பது பேர்: ராக், ஃபோக் ஒலிப்பதிவு பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பம் முழுவதையும் நாலு டிராக் மெஷினில் பதிவு செய்தார்களாம். ஆனால் அதன் கடைசிப் பாட்டான 'எ டே இன் த லைஃப்'பில் மட்டும் நாற்பது பேர் ஆர்கெஸ்ட்ரா வருகிறது. எப்படிச் சாத்தியம்?

பதில்: நாற்பது பேர் ஒன்றாக உட்கார்ந்து வாசித்தால் ஒரே டிராக்கில் (டேப்பில் தனித்தனியாகப் பதியும் ஒலிப்பாதையில்) அடக்கிவிடலாம். அது பிரச்சினையே இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாக எத்தனை முறை சேர்க்கிறோம் என்பதில்தான் சிக்கல்.

லண்டனில் ஆபி ரோடில் உள்ள ஈ.எம்.ஐ. ஸ்டூடியோவில் அப்போது ஓடியது ஸ்டூடர் ஜே37. ஒரு அங்குல அகல டேப், அதில் நாலு டிராக். நாலும் நிரம்பியதும், அவற்றைக் கலந்து இன்னொரு மெஷினில் ஒன்று அல்லது இரண்டு டிராக்கில் இறக்குவார்கள். மிச்ச டிராக்குகள் காலியாகக் கிடைக்கும்; அவற்றில் மேற்கொண்டு பாடலாம், வாசிக்கலாம். இதில் இரண்டு பாதகம். முதலாவது, இறக்கும்போது டிரம்ஸ், பாஸ், பியானோவுக்கு என்ன அளவு வைத்தார்களோ அதுதான் கடைசிவரை. டிரம்ஸ் கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும் என்று பிறகு நினைத்தால், முழுவதையும் திரும்ப இறக்க வேண்டும். இரண்டாவது, டேப்பின் 'ஸ்ஸ்' இரைச்சல். ஒவ்வொரு பிரதிக்கும் ஏறக்குறைய 3 டெசிபல் கூடும். இரண்டு முறை இறக்கினாலே ஹெட்ஃபோனில் காதில் விழும். அதனால், கெட்டாலும் பரவாயில்லை என்று தோன்றும் தாள வாத்தியங்களை முதலிலும், குரலைக் கடைசியிலும் பதிவு செய்வது வழக்கம்.

இந்தப் பாட்டில் இறக்கியும் இடம் போதவில்லை. 1967 பிப்ரவரி 10 அன்று பெரிய அறையான ஸ்டூடியோ ஒன்றில் நாற்பது கலைஞர்களும் உட்கார்ந்தார்கள். 24 பார் (தாளச் சுற்று) நீளத்துக்கு, ஒவ்வொருவரும் தம் வாத்தியத்தின் மிகக் கீழான ஸ்வரத்தில் தொடங்கி மேலே ஏறிக்கொண்டே போக வேண்டும். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் கொடுத்த குறிப்பு அவ்வளவுதான். பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து ஏறக்கூடாது என்பதும் அதில் அடக்கம். அவர்கள் பழகிய பழக்கத்துக்கு நேர் எதிர். இதை இரண்டாவது டேப்பின் டிராக்குகளில் திரும்பத் திரும்ப வாசிக்கவைத்துப் பதிந்தார்கள். நாலையும் சேர்த்துக் கேட்டால் நூற்றறுபது பேர் கூட்டம்.

இரண்டு மெஷினையும் சேர்ந்து ஓடவைக்க, ஸ்டூடியோவின் தொழில்நுட்பர் கென் டவுன்சென்ட் ஒரு வழி கண்டுபிடித்தார். முதல் டேப்பின் ஒரு டிராக்கில் 50 சைக்கிள் (ஹெர்ட்ஸ்) ஒலியைப் பதிந்து, அதைப் பெருக்கி இரண்டாவது மெஷினின் மோட்டாருக்குக் கொடுத்தார். வேகம் ஒத்துப்போனது. தொடங்கும் நொடி மட்டும் ஒத்துப்போகவில்லை, ஏனென்றால் அதற்கு ஏற்பாடே கிடையாது. கையால் இரண்டையும் தட்டிவிட்டு, சேரவில்லை என்றால் திருப்பிச் சுற்றி மறுபடி தட்டுவார்கள். ஆர்கெஸ்ட்ரா ஒவ்வொரு முறையும் ஒரு நூல் முன்பின்னாகக் கேட்பதில் இதற்கும் பங்கு உண்டு.

பாட்டின் கடைசி பியானோ அதிர்வை நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஒலி தேயத் தேய ஃபேடரை (ஒலியளவுக் கட்டையை) மேலே ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார்கள். கடைசியில் ஒரு நாற்காலி முனகுவதுகூடக் கேட்கும்.

கேள்வி: அதே ஆல்பம் மோனோ, ஸ்டீரியோ இரண்டிலும் கிடைக்கிறது. எதை வாங்குவது?

பதில்: ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மோனோ. 1967-ல் இங்கிலாந்தில் வீடுகளில் இருந்தது பெரும்பாலும் மோனோ பெட்டிகள். குழுவினர் கூடவே இருந்து நேரம் செலவழித்தது மோனோ மிக்ஸிங்கில். ஸ்டீரியோ பிறகு வேகமாக முடிக்கப்பட்டது. 'ஷீஸ் லீவிங் ஹோம்' மோனோவில் வேகமாகவும் சுருதி மேலாகவும் ஓடும், ஸ்டீரியோவில் இழுக்கும். 2014-ல் மோனோ எல்.பி.க்களை அனலாக் மாஸ்டர் டேப்பிலிருந்தே வெட்டி வெளியிட்டார்கள், அதைத் தேடுங்கள். ஸ்டீரியோ ஊசியிலேயே போடலாம். ஆம்ப்ளிஃபயரில் மோனோ பட்டன் இருந்தால் அழுத்திவிடுங்கள். பள்ளத்தின் மேல்கீழ் அசைவால் வரும் சரசரப்பு கணிசமாகக் குறையும்.

கேள்வி: எங்கள் குழுவிடம் மூன்று மைக்தான் இருக்கிறது. லெட் ஸெப்பெலின் முதல் ஆல்பம் மாதிரி டிரம்ஸ் பதிவு செய்ய முடியுமா?

பதில்: முடியும். 1968-ல் லண்டன் பார்ன்ஸ் பகுதியில் உள்ள ஒலிம்பிக் ஸ்டூடியோவில் எடுத்த அந்த ஆல்பத்தின் ஒலிப்பதிவாளர் கிளின் ஜான்ஸ். ஏறக்குறைய 36 மணி நேரத்தில் முடிந்த வேலை. அவர் பெயரில் வழங்கும் மைக் முறைக்கு அடிப்படை மூன்று மைக்தான்.

காலால் அடிக்கும் பெரிய கிக் டிரம்முக்கு ஒன்று, முன்தோலுக்கு அருகே. இரண்டாவது, ஸ்நேருக்கு (டிரம்மரின் முன்னால் இருக்கும், பளீரென்று ஒலிக்கும் டிரம்) நேர் மேலே சுமார் ஒரு மீட்டர் உயரத்தில், கீழ்நோக்கி. மூன்றாவது, டிரம்மரின் வலப்பக்கம், தரையில் நிற்கும் ஃப்ளோர் டாம் டிரம்முக்கு அப்பால், அதன் விளிம்புக்கு ஒரு சாண் மேலே. முகம் ஸ்நேர், ஹை-ஹாட் (காலால் மூடித் திறக்கும் ஜோடி உலோகத் தட்டு) பக்கம் பார்க்க வேண்டும். இனிதான் முக்கியம்: மேல் மைக்கும் பக்க மைக்கும் ஸ்நேரின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். டேப் அளவுகோல் வேண்டாம், ஒரு நூல் போதும். ஸ்நேர் நடுவில் ஒருவர் நூல்முனையைப் பிடிக்க, மறுமுனையை மேல் மைக் வரை இழுத்து விரலால் குறித்துக்கொண்டு, அதே நீளத்தைப் பக்க மைக்குக்குக் கொண்டுபோங்கள்.

பத்து சென்டிமீட்டர் பிசகினால் என்ன ஆகும்? ஒலி அந்தத் தூரத்தைக் கடக்க 0.3 மில்லிசெகண்ட் ஆகிறது. இரண்டு மைக்கையும் கலக்கும்போது 1,700 ஹெர்ட்ஸ் பக்கம் ஒன்றையொன்று அடித்துவிடும். ஸ்நேரின் 'பளீர்' இருப்பது அங்கேதான். சத்தம் இருக்கும், உயிர் இருக்காது. பதிவு செய்ததும் மோனோவில் போட்டுப் பாருங்கள். ஸ்நேர் மெலிந்தால் நூலை மறுபடி எடுங்கள். கிக் மைக்கைச் சேர்க்கும்போது அடி காணாமல் போனால் அந்த டிராக்கின் ஃபேஸைத் திருப்பிப் (ஒலி அலையைத் தலைகீழாக்கிப்) பாருங்கள். ஸ்டீரியோவில் கலக்கும்போது மேல் மைக், பக்க மைக் இரண்டின் ஒலியையும் ஒன்றை இடக்கோடிக்கும் மற்றதை வலக்கோடிக்கும் தள்ளாமல் பாதித்தூரம் பிரித்தால் போதும்.

நம் வீட்டு அறைகளின் பத்தடி சீலிங்தான் இதற்கு எதிரி. மேல் மைக்குக்கு அருகிலேயே கான்கிரீட் இருந்தால் எதிரொலி உடனே திரும்பி வரும். மைக்குக்கு மேலே ஒரு இலவம்பஞ்சு மெத்தையைக் கட்டித் தொங்கவிட்டால் பாதி தீரும். மீதி டிரம்மர் கையில். இந்த முறையில் சிம்பலை (உலோகத் தட்டை) மட்டும் தனியாகக் குறைக்க வழியே இல்லை. ஸெப்பெலினின் டிரம்மர் ஜான் பான்ஹம் டிரம்மை ஓங்கி அடித்து சிம்பலை அளவோடு தொட்டவர், அதனால் எடுபட்டது. உங்கள் டிரம்மர் சிம்பல் பிரியர் என்றால் வாடகைக்கு இன்னும் நாலு மைக் எடுப்பதே நல்லது.

கேள்வி: சைமன் அண்ட் கார்ஃபங்கலின் 'த பாக்ஸர்' பல்லவியில் இடி விழுந்த மாதிரி ஒரு அடி வருகிறதே, அது என்ன வாத்தியம்?

பதில்: சாதாரண ஸ்நேர் டிரம். வாசித்தவர் ஹால் பிளெய்ன். நியூயார்க் கொலம்பியா ஸ்டூடியோவில் லிஃப்ட் கதவுக்கு முன்னால் டிரம்மை வைத்து அடிக்கவைத்தார் ஒலிப்பதிவாளர் ராய் ஹேலி. லிஃப்ட் குழி பல மாடி உயர வெற்றிடம், அதுதான் முழங்குகிறது. குரல்களில் ஒரு பகுதியை கொலம்பியா பல்கலைக்கழகத்தின் செயின்ட் பால்ஸ் தேவாலயத்தில் எடுத்தார்கள். பெருநகர ஸ்டூடியோவில் இடம் கிடைப்பது அரிது, கட்டடத்துக்கு மட்டும் பஞ்சமில்லை.

வீட்டில் செய்து பார்க்க அபார்ட்மென்ட் படிக்கட்டு போதும், இரவு பத்து மணிக்கு மேல் வேண்டாம். பதிவு செய்த ஸ்நேரை மட்டும் ஒரு ஸ்பீக்கரில், சுவர் மூலையைப் பார்த்து ஒலிக்கவிடுங்கள். ஒரு மாடி தள்ளி மைக்கை வையுங்கள். ஸ்பீக்கர் நேராக மைக்கைப் பார்த்தால் எதிரொலிக்குப் பதில் நேரொலிதான் வரும். பலர் தவறுவது இங்கேதான். கிடைத்த எதிரொலியில் 600 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 10,000-க்கு மேலேயும் வெட்டிவிட்டு அசலோடு கலந்தால், பாட்டு குழம்பாமல் முழக்கம் மட்டும் நிற்கும்.

கேள்வி: 'த சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்' பாட்டுக்கு டிரம்ஸ் இல்லாத வடிவமும் இருக்கிறது. எது அசல்?

பதில்: டிரம்ஸ் இல்லாததுதான். 1964 மார்ச்சில் கிட்டாரும் குரலுமாக எடுத்தது. 1965 ஜூன் 15 அன்று தயாரிப்பாளர் டாம் வில்சன், பாடிய இருவருக்கும் தெரியாமலே அதன்மேல் மின்கிட்டார், பாஸ், டிரம்ஸ் சேர்த்தார். மெட்ரோனோம் இல்லாமல் பாடிய பாட்டு என்பதால் தாளம் அங்கங்கே இழுபடும். டிரம்ஸ் தயங்கித் தயங்கிப் பின்னால் போவது தெரியும். அந்த வடிவம்தான் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது.

கேள்வி: நிக் டிரேக்கின் 'பிங்க் மூன்' போல் கிட்டாரையும் குரலையும் ஒரே சமயத்தில் பதிவு செய்ய முயன்றேன். குரல் தூரத்தில் பாடுவதுபோல் இருக்கிறது. ஏன்?

பதில்: குரல் இரண்டு மைக்கிலும் விழுவதால். 'பிங்க் மூன்' 1971 அக்டோபரில், லண்டன் செல்சீ பகுதியின் சவுண்ட் டெக்னிக்ஸ் ஸ்டூடியோவில் இரண்டே இரவுகளில் எடுத்தது. ஒருகாலத்தில் பால்பண்ணையாக இருந்த கட்டடம். ஒலிப்பதிவாளர் ஜான் வுட். பின்னால் சேர்த்தது, தலைப்புப் பாட்டில் வரும் பியானோ மட்டும்.

எட்டு வடிவ மைக் இரண்டு கிடைத்தால் உங்கள் கவலை தீர்ந்தது. அந்த வகை மைக்குக்கு முன்னும் பின்னும் காது உண்டு, பக்கவாட்டில் கிடையாது. குரல் மைக்கின் பக்கவாட்டு கிட்டாரையும், கிட்டார் மைக்கின் பக்கவாட்டு வாயையும் பார்க்கும்படி திருப்புங்கள். முன்பக்கம் மட்டும் கேட்கும் சாதாரண கார்டியாய்ட் மைக் என்றால் கிட்டார் மைக்கைப் பன்னிரண்டாம் ஃப்ரெட் அருகே, ஒரு சாண் தள்ளி, முதுகு வாயைப் பார்க்க வையுங்கள். ஒலித்துளைக்கு நேரே வைத்தால் 'பூம்' என்று அடிக்கும். குரல் மைக்கை மூக்கு உயரத்தில் வைத்துக் கீழே சாய்த்தால் 'ப' வெடிக்காது. 1961-ல் பாப் டிலனின் முதல் ஆல்பத்தைப் பதிந்த ஜான் ஹாமண்ட் இந்த வெடிப்போடு நிறையவே மல்லுக்கட்டினார். பிறகு குரலில் மட்டும் பிழைதிருத்தலாம் என்று நினைக்காதீர்கள். பிசகினால் முழுப் பாட்டையும் திரும்பப் பாட வேண்டும்.

கேள்வி: பீட்டில்ஸ் பாட்டு எதுவும் இந்தியாவில் பதிவானதுண்டா?

பதில்: 'தி இன்னர் லைட்'. 1968 ஜனவரியில் ஜார்ஜ் ஹாரிசன் ஒரு படத்துக்கு இசையமைக்க பம்பாய் எச்.எம்.வி. ஸ்டூடியோவுக்கு வந்தபோது வாத்தியப் பகுதியை எடுத்தார். சரோத், ஷெனாய், புல்லாங்குழல், பக்காவாஜ், ஹார்மோனியம் எல்லாம் நம்மவர்கள் வாசித்தது. குரலைப் பிப்ரவரியில் லண்டனில் சேர்த்து, மார்ச்சில் 'லேடி மடோனா' இசைத்தட்டின் மறுபக்கத்தில் வெளியிட்டார்கள். லண்டனில் நாலு டிராக், இங்கே கிடைத்தது இரண்டு. கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே மூச்சில் வாசித்தாக வேண்டும். அந்தப் பாட்டின் ஒட்டுறவுக்கு இதுவும் காரணம் என்பது நம் கட்சி.

கேள்வி: 'ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' பாட்டோடு கிட்டார் வாசித்தால் எந்தச் சுருதியிலும் சேரவில்லை. என் டர்ன்டேபிள் கோளாறா?

பதில்: பாட்டே அப்படித்தான். வெவ்வேறு வேகத்திலும் சுருதியிலும் இருந்த இரண்டு டேக்குகளை (தனித்தனிப் பதிவு முயற்சிகளை) ஒட்டியது அது. ஏழாவது டேக்கில் தொடங்கி, ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் 26-வது டேக்குக்குத் தாவுகிறது. வேகமான 26-வதை, டேப்பை மெதுவாக ஓட்டிக் கீழே இறக்கினார்கள். அதனால்தான் அங்கிருந்து ஜான் லெனன் குரல் கனத்துக் கலங்கியதுபோல் ஒலிக்கிறது. முடிவான சுருதி ஏ-க்கும் பி ஃப்ளாட்டுக்கும் இடையில் நிற்கிறது. கிட்டார் தந்தியை முறுக்குவதைவிட, கணினியில் வேகத்தைத் தொடாமல் சுருதியை மட்டும் ஏ-க்கு இறக்கி ஒரு பிரதி எடுத்து அதோடு வாசியுங்கள்.

ஆனாலும் டர்ன்டேபிளைச் சோதித்துவிடுங்கள். வேறு நாலு ஆல்பமும் சுருதி ஏறியே கேட்டால் குற்றம் தட்டின் மேல்தான். 33⅓-க்குப் பதில் 34 சுற்று சுற்றினாலே சுருதி அரை ஸ்வரத்தில் மூன்றிலொரு பங்கு ஏறிவிடும். கோடுகள் அச்சிட்ட ஸ்ட்ரோப் அட்டையைத் தட்டின் மேல் வைத்து (வேகம் சரியென்றால் கோடுகள் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும்) குண்டு பல்பு அல்லது பழைய சோக் வைத்த டியூப்லைட் வெளிச்சத்தில் பாருங்கள், பெரும்பாலான எல்.இ.டி. விளக்கில் கோடுகள் நிற்காது. அட்டையில் 33-க்கான வரிசையில் 180 கோடு இருக்கிறதா என்று எண்ணிக்கொள்ளுங்கள். 216 இருந்தால் அது 60 சைக்கிள் மின்சாரம் உள்ள அமெரிக்காவுக்கு அச்சிட்டது. நம் 50 சைக்கிளில் அதை வைத்துப் பார்த்தால் சரியாக ஓடும் தட்டும் வேகமாக ஓடுவதுபோலத் தெரியும்.