மேடை நாடகத்தை வானொலிக்குக் கொண்டுபோக ஐந்து வாரம் போதுமா?

கேள்வி: அரசுக் கலைக் கல்லூரி ஒன்றில் இரண்டாமாண்டு தமிழ் இலக்கியம் படிக்கிறேன். கல்லூரி விழாவில் நாங்கள் போட்ட நாடகத்தைப் பார்த்த பக்கத்துச் சமுதாய வானொலி நிலையத்தார், 15 நிமிட வானொலி நாடகமாகச் செய்து தந்தால் ஒலிபரப்புகிறோம் என்கிறார்கள். மேடையில் 40 நிமிடம் ஓடியது, 11 பாத்திரங்கள். மகளுக்கு வந்த கல்லூரிச் சேர்க்கைக் கடிதத்தை அப்பா அரிசி டிரம்முக்குள் மறைத்துவைப்பதுதான் கதையின் மையம். பேச்சே இல்லாத அந்தக் காட்சிக்குத்தான் கைதட்டல் அதிகம். அதை வானொலியில் எப்படிச் செய்வது? எங்களிடம் இருப்பவை இரண்டு ஃபோன், ஒரு யுஎஸ்பி மைக், ஒரு லேப்டாப். ஐந்து வாரம் இருக்கிறது.

பதில்: ஐந்து வாரம் தாராளமாகப் போதும். ஆனால் முதல் மூன்று வாரத்தை எழுத்துக்கும் ஒத்திகைக்கும் கொடுத்துவிடுங்கள். ஒலிப்பதிவுக்கு இரண்டு நாள் போதும், மிச்சமெல்லாம் எடிட்டிங்குக்கு. மாணவர் குழுக்களில் நான் அடிக்கடி பார்ப்பது இதற்கு நேர்மாறு. முதல் வாரமே மைக்கை வைத்துப் பதிவு செய்துவிடுகிறார்கள், கேட்பவருக்குக் கதை புரியவில்லை என்பது கடைசி வாரம்தான் தெரியவருகிறது. அப்போது எழுத்தைத் திருத்த நேரம் இருக்காது.

உங்கள் அரிசி டிரம் காட்சியிலிருந்தே தொடங்குவோம், மற்றதெல்லாம் அதற்குள் இருக்கிறது. மேடையில் பார்வையாளர்கள் அப்பாவின் கையைப் பார்த்தார்கள். வானொலியில் கை இல்லை. உடனே மனதுக்கு வரும் வழி, அப்பாவைத் தனியாகப் பேசவைப்பது: "இந்தக் கடிதத்தை இந்த டிரம்முக்குள் ஒளித்துவைத்துவிடுகிறேன்." தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தனியாக இருக்கும் மனிதர் தான் செய்வதை வாய்விட்டு அறிவிப்பதில்லை. அந்த ஒரு வரியில் அப்பா மனிதராக இல்லாமல் அறிவிப்பாளராகிவிடுவார்.

வெறும் ஓசையை மட்டும் நம்பினாலும் சிக்கல்தான். தகர மூடி திறக்கும் சத்தம் முன்பின் தெரியாமல் வந்தால், கேட்பவருக்கு அது பெட்டியாகவும் இருக்கலாம், கதவாகவும் இருக்கலாம். ஓர் ஓசை கதை சொல்லவேண்டுமானால், அதைக் கேட்பவருக்கு முன்னமே அறிமுகம் செய்திருக்க வேண்டும். அதனால் முதல் காட்சியிலேயே அம்மா அரிசி அளக்கட்டும். மூடி திறக்கும் கிரீச், படி அரிசிக்குள் இறங்கும் சரசரப்பு, "டிரம்முல அடி தட்டுது, இன்னும் பத்து நாளைக்கு வராது" என்று ஒரு வரி, மூடி டப்பென்று விழும் சத்தம். அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்கு இப்போது ஒரு பெயர் இருக்கிறது. இரண்டாவது முறை வேறு பேச்சுக்கு நடுவே போகிறபோக்கில் ஒருதடவை திறந்து மூடட்டும்.

மூன்றாவது முறை அப்பா. உறை கிழிகிறது. காகிதம் விரிகிறது. மூன்று விநாடி எதுவுமே இல்லை. அப்புறம் அதே மூடி, இந்தத் தடவை மெதுவாக. அரிசிக்குள் கை போகிறது. அம்மா மூடும்போது டப்பென்று விழுந்த மூடி, இப்போது கேட்டும் கேட்காமலும் பொருந்துகிறது. அந்த மெதுவிலேயே அவருடைய குற்றவுணர்வு வந்துவிடும். இரண்டு காட்சி தள்ளி மகள் அரிசி அளக்கும்போது, படி சரசரவென்று இறங்கிக் காகிதத்தில் இடித்து நிற்கவேண்டும். அங்கே வசனம் எழுதாதீர்கள், பின்னணி இசையும் வேண்டாம்.

இதற்கு நூறாண்டுப் பழமையான முன்மாதிரி ஒன்று உண்டு. 1924 ஜனவரியில் பிபிசி ஒலிபரப்பிய, வானொலிக்கென்றே ரிச்சர்ட் ஹியூஸ் எழுதிய நாடகம், வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் விளக்கு அணைந்துபோவதில் தொடங்கும். பாத்திரங்களுக்கும் கண் தெரியாது, கேட்பவருக்கும் தெரியாது, இருவரும் ஒரே இருட்டில். அந்த உத்தியை நீங்களும் எடுத்துக்கொள்ளலாம். மறைக்கும் காட்சியை மின்வெட்டு நேரத்தில் வைத்துப் பாருங்கள். ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி மெல்ல நிற்கிறது, தீக்குச்சி உரசுகிறது, பிறகு மூடி. வீட்டில் மற்றவர்கள் ஏன் பார்க்கவில்லை என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிடுகிறது.

சரி, நீளம். 15 நிமிட நேரம் என்றால் அறிவிப்பு, பெயர்ப் பட்டியல் போக உங்களுக்கு எவ்வளவு என்று நிலையத்தில் இப்போதே கேட்டுவிடுங்கள். 14 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 சொல் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. ஓசைக்கும் மௌனத்துக்கும் இடம் விட்டு, வசனம் 1200 சொல்லைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 40 நிமிட நாடகத்தை ஆங்காங்கே கத்தரித்து இதற்குள் அடக்க முடியாது. கிளைக்கதைகளை விட்டுவிட்டு, கடிதம் வந்த நாளும் அதற்கடுத்த சில நாட்களும் மட்டும் போதுமா என்று யோசியுங்கள். எனக்குப் போதும் என்றுதான் தோன்றுகிறது.

11 பாத்திரங்களை ஐந்தாகக் குறைத்தே ஆகவேண்டும். 15 நிமிடத்தில் அதற்குமேல் குரல்களைக் காதால் பிரித்தறிவது கடினம். நடிகர்களைத் தேர்ந்தெடுக்கும்போது அவர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து கேளுங்கள். மேடையில் பிரமாதமாக நடித்த இரண்டு பேரின் குரல் ஒரே மாதிரி இருந்தால், ஒருவர் வேறு வேலைக்குப் போகவேண்டியதுதான். இது வருத்தம் தரும், முதல் வாரமே பேசி முடித்துவிடுங்கள். ஒவ்வொரு காட்சியின் முதல் சில வரிகளில் யார் யார் இருக்கிறார்கள் என்பது பெயராலோ உறவுமுறையாலோ தெரியவேண்டும். ஒரு நிமிடம் பேசாமல் இருக்கும் பாத்திரம் வானொலியில் அறையைவிட்டு வெளியே போய்விட்டதாகவே அர்த்தம். இருமலாவது செருமலாவது வேண்டும்.

பேச்சு உங்கள் வட்டாரப் பேச்சாகவே இருக்கட்டும். சமுதாய வானொலி குறைந்த ஆற்றலில் சுற்றியுள்ள ஊர்களுக்காக மட்டும் இயங்குவது. கேட்கப்போகிறவர்கள் உங்கள் அத்தை, மாமா மாதிரி மனிதர்கள். அவர்களுக்காகத் தமிழைப் புத்தக நடைக்கு மாற்றத் தேவையில்லை.

எழுத்துப்படியைத் தாளின் ஒரு பக்கம் மட்டும் அச்சிடுங்கள், ஸ்டேப்ளர் பின் அடிக்காதீர்கள். வரிகளுக்கு எண் போடுங்கள். ஒருவருடைய வசனம் பக்கம் தாண்டி ஓடக்கூடாது, தாள் புரட்டும் சத்தம் நடுவில் விழுந்துவிடும்.

பதிவுக்கு இடம் தேடும்போது ஸ்டூடியோவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஒவ்வோர் அறையிலும் நின்று ஒருதரம் கைதட்டுங்கள். வகுப்பறையில் அந்தத் தட்டல் சுவரில் பட்டுத் திரும்பும். மெத்தை, துணிமணி நிறைந்த விடுதி அறையில் தட்டியதும் அடங்கிவிடும். அடங்கும் அறைதான் வேண்டும். சுவரோரம் ஜமக்காளம், போர்வை தொங்கவிட்டால் இன்னும் நல்லது. மின்விசிறி, ஏசி, குளிர்ப்பெட்டி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஒரு குழுவோடு நான் மூன்று மணி நேரம் பதிவு செய்தது முழுவதும் மின்விசிறி இரைச்சலால் வீணாகிப்போயிருக்கிறது. காதுக்குப் பழகிவிட்ட சத்தம் என்பதால் அறையில் இருந்த யாருக்கும் அது உறைக்கவில்லை. அன்றிலிருந்து ஹெட்ஃபோன் மாட்டிய ஒருவரை அதற்கென்றே உட்காரவைக்கிறேன். வேலை தொடங்குமுன் யாரும் பேசாமல் அறையின் வெறும் ஓசையை 30 விநாடி பதிந்துகொள்ளுங்கள். எடிட்டிங்கில் இடைவெளிகளை நிரப்ப அது வேண்டும், முழு அமைதியை ஒட்டினால் ஒலிபரப்பு அறுந்தது மாதிரி இருக்கும்.

மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் தூரம். உள்ளங்கையை வாய்முன் வைத்து "அப்பா" என்று சொல்லிப் பாருங்கள், காற்று அடிப்பது தெரியும். உங்கள் நாடகத்தில் எத்தனை "அப்பா" இருக்கும்! அந்தக் காற்று நேராக மைக்கில் பட்டால் பொத்பொத்தென்று கேட்கும். அதனால் வாயை மைக்குக்குச் சற்றுப் பக்கவாட்டில் வைத்துப் பேசுங்கள். எல்லோரும் நின்றுகொண்டே நடிக்கட்டும், உட்கார்ந்தால் குரல் சுருங்கிவிடும். தூரத்திலிருந்து கூப்பிடும் வசனத்துக்கு நடிகர் நிஜமாகவே நாலடி பின்னால் போகவேண்டும், எடிட்டிங்கில் சத்தத்தைக் குறைத்தால் தூரம் வராது. சண்டைக் காட்சியை ஒவ்வொருவராகத் தனித்தனியே பதிந்து ஒட்டாதீர்கள். ஒருவர் பேச்சில் இன்னொருவர் குறுக்கே விழுவதில்தான் அதன் சூடு இருக்கிறது.

லேப்டாப்பில் பதியும்போது ஒலித்தர அமைப்பு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் (WAV) கோப்பு என்று இருக்கட்டும். திரையில் தெரியும் ஒலி அளவுமானியில் அதிகபட்ச ஒலி மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவே நிற்கட்டும். சத்தமாகக் கத்தும் வரியை முதலில் சோதித்து அளவு வையுங்கள்.

ஃபோன்களை ஓசை சேகரிக்க அனுப்புங்கள். உண்மையான அரிசி டிரம் எந்த வீட்டில் நன்றாகக் கிரீச்சிடுகிறது என்று தேடுவது ஒரு நாள் வேலை, அதைத் தவிர்க்காதீர்கள். மழை வேண்டுமென்றால் ஃபோனில் பதிந்த நிஜ மழை பெரும்பாலும் எண்ணெய் பொரிவது போல இருக்கும். முறத்தில் அரிசியைப் பரப்பி மெதுவாகச் சாய்த்தால் நம்பும்படியான மழை கிடைக்கும்.

திரைப்பாட்டு வேண்டாம், உரிமைச் சிக்கல் வரும். கல்லூரியில் புல்லாங்குழலோ வயலினோ வாசிப்பவர் இருந்தால் காட்சிகளுக்கு நடுவே ஐந்தாறு விநாடி போதும். நாடகத்தை எழுதியவரிடமும் வாசிப்பவரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவையுங்கள். பின்னாளில் ஒரு சிறுகதையை நாடகமாக்க விரும்பினால், இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை அவருடைய வாரிசுகளிடம் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

எடிட்டிங்குக்கு ஆடாசிட்டி (Audacity) என்ற மென்பொருள் போதும், இலவசம். முதலில் வசனத்தை மட்டும் அடுக்கி ஓட்டம் சரிதானா என்று கேளுங்கள். அப்புறம் ஓசைகள், கடைசியில் இசை. இரைச்சல் நீக்கும் வசதியைக் கொஞ்சமாகப் பயன்படுத்துங்கள், அதிகமானால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகும். தொலைபேசிக் குரல் ஏதும் இருந்தால் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வெட்டுங்கள்.

நிலையத்துக்குக் கொடுப்பதற்கு ஒரு வாரம் முன்பே, மேடை நாடகத்தைப் பார்க்காத ஒருவரைப் பிடியுங்கள். ஃபோன் ஸ்பீக்கரில், அவர் சமைத்துக்கொண்டிருக்கும்போது போட்டுக்காட்டுங்கள், வானொலியைப் பலரும் அப்படித்தான் கேட்கிறார்கள். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி: கடிதம் எங்கே இருந்தது? "அரிசி டிரம்முல" என்று தயங்காமல் சொன்னால் கோப்பை அனுப்பிவிடலாம். யோசித்தார் என்றால், முதல் காட்சியில் அம்மா திறக்கும் அந்த மூடிச் சத்தத்தை இன்னும் கொஞ்சம் தெளிவாக்கவேண்டும்.