பழைய அம்பாசடரில் எஸ்.யு. கார்ப்பரேட்டரை எடுத்துவிட்டு சோலெக்ஸ் போட்டால், இன்டேக் மேனிஃபோல்டையும் மாற்ற வேண்டுமா?

கேட்டவர் வைத்திருப்பது 1489 சிசி பெட்ரோல் என்ஜின் கொண்ட மார்க் 2 அம்பாசடர். ஐடிலில் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காத நிலையில்) சீராக நிற்காமல் ஏறி இறங்குகிறது என்றும், எஸ்.யு. கார்ப்பரேட்டரைக் கழற்றிவிட்டு சோலெக்ஸ் பொருத்தும்படி மெக்கானிக் சொல்கிறார் என்றும் எழுதியிருக்கிறார். இரண்டும் பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்ப்பரேட்டரின் வகைகள்.

சோலெக்ஸுக்கு மாறுவதானால், அந்தக் கலவையை என்ஜினுக்குள் கொண்டுசெல்லும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டையும் மாற்றித்தான் ஆக வேண்டும். எஸ்.யு. பக்கவாட்டிலிருந்து காற்றை இழுப்பது. சோலெக்ஸ் மேலிருந்து கீழே இறக்குவது. இரண்டின் ஃபிளாஞ்சும் (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பு) வேறு, ஆக்ஸிலேட்டர் இணைப்பும் வேறு. பிற்கால அம்பாசடர்களில் சோலெக்ஸ் வந்ததால், அதற்குரிய மேனிஃபோல்டு சென்னையில் புதுப்பேட்டை போன்ற இடங்களில் தேடினால் கிடைக்கக்கூடும். ஆனாலும், எங்கள் வீட்டு அம்பாசடரைப் பல ஆண்டுகளாக நானே பராமரித்து வருபவன் என்ற முறையில், நீங்கள் சொல்லும் கோளாறுக்கு அந்த மாற்றம் தேவையில்லை என்றே கருதுகிறேன். ஐடில் ஏறி இறங்குவதற்குப் பெரும்பாலும் காரணம், கார்ப்பரேட்டரைத் தாண்டி எங்கோ ஓரிடத்தில் காற்று உள்ளே புகுவதுதான். அந்த வழியை அடைக்காமல் எந்தக் கார்ப்பரேட்டரைப் போட்டாலும் ட்யூனிங் நிலைத்து நிற்காது.

இந்த என்ஜின் பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனத்து பி-சீரிஸ் வகையைச் சேர்ந்தது. நான்கு சிலிண்டர்களுக்கும் சேர்த்து சிலிண்டர் ஹெட்டில் இன்டேக் வாய்கள் இரண்டு, எக்ஸாஸ்ட் வாய்கள் மூன்று. ஐந்தும் ஒரே பக்கத்தில் வரிசையாக இருக்கின்றன. ஆகவே இன்டேக், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுகள் இரண்டும் ஒரே கேஸ்கட்டின் மேல் உட்காருகின்றன. ஹெட்டிலிருந்து நீளும் சில ஸ்டட்களில் (திருகு கம்பிகளில்) ஒரே தடித்த வாஷர் இரண்டு ஃபிளாஞ்சுகளையும் ஒருசேர அழுத்திப் பிடிக்கிறது. இந்த வாஷரைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரு ஃபிளாஞ்ச் மற்றதைவிடச் சிறிதளவு தடித்திருந்தாலும் வாஷர் அதன் மேல் மட்டும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். நட்டை எவ்வளவு இறுக்கினாலும் மெலிந்த பக்கம் இறுகாது. வேறு வண்டியிலிருந்து எடுத்த மேனிஃபோல்டைப் பொருத்தும்போது இது அடிக்கடி நேரும். வாங்குவதற்கு முன் இரண்டு ஃபிளாஞ்சுகளின் தடிமனையும் வெர்னியரால் அளந்துவிடுங்கள்.

கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து, எக்ஸாஸ்ட் சூடேறுவதற்குள், இன்டேக் வாய்களின் ஓரத்திலும் கார்ப்பரேட்டர் அடிப்பாகத்திலும் சிறிது தண்ணீரைப் பீய்ச்சுங்கள். எங்கே தண்ணீர் பட்டதும் ஓட்டம் மாறுகிறதோ அங்கேதான் கசிவு. சிலர் இதற்குப் பெட்ரோல் தெளிப்பார்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு நேர் கீழே இருக்கும் இந்த அமைப்பில் அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அடுத்து, கார்ப்பரேட்டரில் காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் ஸ்பிண்டிலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் அதைத் தாங்கும் வளையமான புஷ் தேய்ந்திருக்கிறது. புதிய புஷ்ஷும் ஸ்பிண்டிலும் போட்டால் போதும், முழுக் கார்ப்பரேட்டரையும் தூக்கி எறிய வேண்டாம்.

மேனிஃபோல்டைக் கழற்றும் நிலை வந்தால் முதலில் பேட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள். ஸ்டட்களில் துரு இளக்கும் எண்ணெயை முந்தைய இரவே விட்டு வையுங்கள். பழைய கேஸ்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. நனைத்துச் சுரண்டுங்கள், உலர்ந்த தூளை ஊதாதீர்கள். மேனிஃபோல்டு முகத்தின் மேல் நேரான ஸ்டீல் ஸ்கேலை வைத்து, ஃபீலர் கேஜ் (மெல்லிய அளவுத் தகடு) நுழைகிறதா என்று பார்த்து, வளைந்திருந்தால் இன்டேக்கையும் எக்ஸாஸ்ட்டையும் ஒன்றாக இணைத்த நிலையிலேயே பட்டறையில் முகம் சீவக் கொடுங்கள். தனித்தனியாகச் சீவினால் மறுபடியும் தடிமன் வேறுபடும்.

திரும்பப் பொருத்தும்போது இரண்டையும் சேர்க்கும் போல்ட்டுகளைத் தளர்வாக விட்டு, ஹெட்டின் மேல் உட்காரவைத்து, நடுவிலிருந்து இரு ஓரங்களை நோக்கிச் சிறிது சிறிதாக இறுக்கிய பிறகே அந்த போல்ட்டுகளை இறுக்க வேண்டும். மேனிஃபோல்டை ஹெட்டோடு பிடிக்கும் நட்டுகளுக்குச் சுமார் 20 நியூட்டன் மீட்டர் போதும். கார்ப்பரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே வரும் வெப்பத்தடுப்புக் கட்டையை விட்டுவிடக் கூடாது. அதன் இருபுறமும் புதிய கேஸ்கட் வேண்டும்.

எஸ்.யு.வையே வைத்துக்கொண்டால் ட்யூனிங் எளிது. பெட்ரோல் வரும் குழாயான ஜெட்டை, அதன் மேல்முகம் அதைச் சுற்றியுள்ள தளமான பிரிட்ஜுக்குச் சமமாக வரும்வரை ஏற்றி, அங்கிருந்து அட்ஜஸ்டிங் நட்டை இரண்டு முழுச் சுற்று கீழே இறக்கித் தொடங்குங்கள். என்ஜின் நன்றாகச் சூடேறிய பின் கார்ப்பரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை 0.8 மிமீ அளவுக்கு மட்டும் தூக்கிப் பாருங்கள்: வேகம் ஏறி அப்படியே நின்றால் கலவையில் பெட்ரோல் அதிகம், என்ஜின் தடுமாறி அணையப் பார்த்தால் குறைவு, சற்றே ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. அந்தப் பிஸ்டனின் மேலே உள்ள டேம்பரில் (அதன் அசைவை மட்டுப்படுத்தும் பாகம்) எஸ்ஏஇ 20 ஆயிலை நிரப்பியிருக்க வேண்டும். அது வற்றியிருந்தால் ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் என்ஜின் திக்கும்.

இப்போது பம்புகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ஜெட் நிலை சற்று வறண்ட (பெட்ரோல் குறைந்த) கலவையையே தரும் என்பதால், நட்டை இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டியிருக்கும். அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ்களையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு இதே வேலையோடு மாற்றிவிடுங்கள். சூடான எக்ஸாஸ்ட்டின் மேல் ஒரு துளி பெட்ரோல்கூடச் சொட்டக் கூடாது.