முழுக்கு எடுக்காத விசுவாசம்: ஒரு கடிதம்

வணக்கம். நான் இந்துக் குடும்பத்தில் பிறந்து இந்துக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். மகன் உடம்புக்கு முடியாமல் கிடந்தபோது பக்கத்து வீட்டு அக்கா வந்து ஜெபித்தார். அதிலிருந்து பைபிள் வாசிக்கிறேன், இயேசுவை நம்புகிறேன். ஞானஸ்நானம் (முழுக்கு) எடுக்கவில்லை. எடுத்தால் மாமியார் என்னை அடுப்படிக்குள் விடமாட்டார். ஜெபக்கூட்டத்துக்கு வரும் பாஸ்டரோ, 'முழுக்கு எடுக்காமல் பரலோகம் போகமுடியாது. வீட்டுக்குத் தெரியாமல் விடியற்காலையில் ஆற்றில் கொடுத்துவிடலாம். பொட்டை எடுத்துவிடுங்கள், பெயரையும் மாற்றிவிடலாம்' என்கிறார். என் விசுவாசம் செல்லுமா, செல்லாதா? (பெயர் வேண்டாம்.)

அன்புள்ள சகோதரிக்கு,

செல்லும். பாஸ்டர் உங்களுக்கு மாற்கு 16:16-ஐக் காட்டியிருப்பார். 'விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான்' என்பதோடு நிறுத்தாமல் வசனத்தை முழுதாக வாசியுங்கள். ஆக்கினை, அதாவது தண்டனை, விசுவாசியாதவனுக்கு என்றுதான் அது முடிகிறது. முழுக்கெடுக்காதவனைப் பற்றிப் பேச்சே இல்லை.

அப்படியே பைபிளில் அப்போஸ்தலர் புத்தகத்தின் 10-ஆம் அதிகாரத்துக்கும் போய்வாருங்கள். செசரியாவில் கொர்நேலியு என்ற ரோம நூற்றுக்கு அதிபதியின் வீடு. சொந்தக்காரர்களும் சிநேகிதர்களும் கூடியிருக்கிறார்கள். இயேசுவின் சீடர் பேதுரு பேசி முடிப்பதற்குள்ளேயே அவர்கள்மேல் பரிசுத்த ஆவி இறங்கிவிடுகிறது. ஒருவர் தலையிலும் அதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டிருக்கவில்லை.

ஆனால் அதே இடத்தில் பேதுரு, 'அதுதான் ஆவியே வந்தாயிற்றே, தண்ணீர் எதற்கு' என்று விட்டுவிடவில்லை. தண்ணீரை யாராவது தடுக்கலாமா என்று கேட்டுக் கையோடு ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்கிறார். பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரன் நடுராத்திரியில், கைதியாயிருந்த பவுலின் காயங்களைக் கழுவிவிட்டு, அந்த நேரத்திலேயே வீட்டாரோடு முழுக்கு எடுக்கிறான். எத்தியோப்பிய மந்திரி போகிற வழியில், 'இதோ, தண்ணீர் இருக்கிறதே' என்று சொல்லி ரதத்தை நிறுத்தச் சொல்கிறார். நம்பியவர்கள் தள்ளிப்போட்டதாக அந்தப் புத்தகத்தில் நான் பார்த்ததில்லை. ஆகவே 'மனசுக்குள் நம்பினால் போதும், மற்றதெல்லாம் சடங்கு' என்று என்னால் எழுதமுடியாது.

(எனக்கு இந்தச் சங்கடமே வரவில்லை. கைக்குழந்தையாக இருக்கும்போதே எங்கள் சபை ஐயர் (போதகர்) தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார். சம்மதம் சொன்னது பிற்பாடு, வளர்ந்தபின் விசுவாசத்தை நாமே அறிக்கையிடும் திடப்படுத்தல் ஆராதனையில்.)

நம் ஊரில் இது இவ்வளவு பாரமாகிப்போனதற்குக் காரணம் பைபிளில் இல்லை. இங்கே ஞானஸ்நானம் என்றால் ஜனத்தை விட்டுப் போவது. உங்களுக்கு அடுப்படி போகும் என்றால், ஒரு தலித்துக்குச் சாதிச் சான்றிதழ் போகும். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கு மட்டும்தான். பிறகு சீக்கியரும் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவருக்கு உச்ச நீதிமன்றம் அந்தச் சான்றை மறுத்தது. அந்த வழக்கில், சிறுகுழந்தையாக அவர் பெற்ற ஞானஸ்நானமும் விசாரிக்கப்பட்டது. இதெல்லாம் தெரிந்து தயங்குகிறவரைக் கோழை என்று பிரசங்கம் செய்வது சுலபம்.

பாளையங்கோட்டை குளோரிந்தாளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து மராட்டிப் பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரியோடு வாழ்ந்தார். அவரிடமிருந்துதான் கிறிஸ்தவத்தைத் தெரிந்துகொண்டார். ஞானஸ்நானம் வேண்டும் என்று ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் கேட்டபோது, கல்யாணமாகாமல் ஒருவரோடு வாழ்பவருக்குக் கொடுக்கமுடியாது என்று ஐயர் மறுத்துவிட்டார். (அந்த அதிகாரியின் ஞானஸ்நானத்தை யாரும் கேள்வி கேட்டதாகத் தெரியவில்லை.) அதிகாரி இறந்தபின், 1778-இல்தான் கொடுத்தார். 1780-இல் எழுதிய பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் நாற்பது பேர் இருக்கிறார்கள், பல சாதியினர். முதல் பெயர் குளோரிந்தாளுடையது. அவர் முயற்சியில் எழும்பி 1785-இல் பிரதிஷ்டையான ஆலயத்தை ஊரார் 'பாப்பாத்தியம்மாள் கோயில்' என்கிறார்கள். காத்திருந்த நாளெல்லாம் அந்த அம்மாளின் விசுவாசம் செல்லாமல் இருந்தது என்று யார் சொல்வார்கள்?

விடியற்கால ஆற்று யோசனைக்கு நான் சம்மதிக்கமாட்டேன். ஞானஸ்நானம் என்பது நாலு பேர் அறியச் செய்கிற அறிக்கை. ஒளித்துச் செய்தால் பிறகு தினமும் ஒளிக்கவேண்டிவரும், பிடிபடுகிற அன்று பாஸ்டர் பக்கத்தில் இருக்கமாட்டார். முதலில் உங்கள் வீட்டுக்காரரிடம் பேசுங்கள். மகனுக்காக அந்த அக்கா ஜெபித்தது அவருக்கும் தெரிந்ததுதானே, அங்கிருந்தே ஆரம்பிக்கலாம். அவர் மனம் இளக நாளானால் ஆகட்டும்.

பொட்டு உங்கள் இஷ்டம். அதை எடுப்பது ஞானஸ்நானத்துக்கு நிபந்தனை என்று வேதத்தில் எங்கும் இல்லை. பெயரை மாற்றத் தேவையே இல்லை, கொர்நேலியு கடைசிவரை கொர்நேலியுதான்.