இன்டீரியர் டிசைனருக்கு யோசனைகள் எங்கிருந்து வருகின்றன? அதற்காக நிறையப் பயணம் போக வேண்டுமா?

கேள்வி கேட்டவர், இணையத்தில் படங்களைச் சேமித்துச் சேமித்து போன் நிறைந்துவிட்டது, ஆனாலும் ஒரு வீட்டுக்கு வரைய உட்கார்ந்தால் ஒன்றும் தோன்றவில்லை, நாலு நாடு சுற்றி வந்தால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறார். நான் கும்பகோணத்தில் இருந்துகொண்டு தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை பக்கத்து வீடுகளுக்கு இன்டீரியர் வேலை செய்கிறேன். பயணமும் போகிறேன். ஆனால் போன இடத்தில் எதை அளந்துகொண்டு வந்தேனோ அதுதான் பிறகு வேலைக்கு உதவியிருக்கிறது. பார்த்து ரசித்ததோடு விட்டதெல்லாம் நல்ல நினைவாக இருக்கிறது, அவ்வளவுதான்.

படத்தில் ஒரு திண்ணை அழகாக இருக்கும். அது எத்தனை அங்குல உயரம், சாயும் இடம் எவ்வளவு சரிவு, மத்தியானம் இரண்டு மணிக்கு அங்கே வெயில் அடிக்குமா என்றெல்லாம் படம் சொல்லாது. வரைய உட்காரும்போது தேவைப்படுவது இந்த மூன்றும்தான். அதனால் என் பையில் எப்போதும் ஒரு டேப்பும் கோடு போடாத ஒரு நோட்டும் இருக்கும். ஒரு இடம் பிடித்துப்போனால் கொஞ்ச நேரம் அங்கே உட்காருவேன், அப்புறம் அளப்பேன், கடைசியில் வேண்டுமானால் ஒரு படம்.

எங்கள் பக்கத்துப் பழைய தெரு வீடுகளைத்தான் அதிகம் அளந்திருக்கிறேன். மனை அகலம் குறைவு, நீளம் அதிகம். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டியிருக்கும். பக்கவாட்டில் ஜன்னலுக்கு வழியே இல்லை. திண்ணை, ரேழி என்கிற இடைநடை, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று ஒன்றன் பின் ஒன்றாகப் போகும். வாசலில் நின்றால் கொல்லைக் கிணறு தெரிகிற மாதிரி கதவுகளை ஒரே கோட்டில் வைத்திருப்பார்கள். காற்று அந்தக் கோட்டில்தான் ஓடும். வெளிச்சம் முற்றத்தின் வழியாக இறங்கும். சித்திரையில் இங்கே உச்சிவெயில் கிட்டத்தட்ட நேர் தலைக்கு மேல் விழும். அந்த வெயில் முற்றத்துத் தரையில் பட்டு, தாழ்வாரத்தின் அடியில் புகுந்து, கூடத்துக்குள் மங்கலாக வந்து சேரும். தாழ்வாரத்து ஓடு அவ்வளவு தாழ இறங்கி நிற்பது ஐப்பசிச் சாரலுக்காக மட்டுமில்லை என்பது, கூடத்தில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பார்த்தால் தெரியும். கூடத்துக்கு வரும் வெளிச்சம் பெரும்பாலும் கீழேயிருந்துதான் வருகிறது. ஆகவே தரையின் நிறம்தான் அறையின் நிறம். வரையும்போது நான் தரையை முதலில் முடிவு செய்வதும், சுவருக்கு பெயின்ட் கடைசியில் தேர்ந்தெடுப்பதும் இதனால்தான்.

மன்னார்குடி பக்கம் ஒரு வீடு. அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது முற்றத்தின் நடுவிலேயே சுவர் எழுப்பிவிட்டார்கள். டெல்டாவில் இது நிறைய வீடுகளில் நடந்த கதை. பாதி முற்றத்துக்கு மேலே கான்கிரீட் போட்டு மூடியதில், கூடம் பகலிலும் விளக்குப் போட வேண்டிய நிலைமைக்கு வந்திருந்தது. வீட்டுக்காரர் ஃபால்ஸ் சீலிங் அடித்து உள்ளே விளக்கு வைத்துத் தரச் சொன்னார். மின்விசிறி சுற்றவே உயரம் போதாத கூடத்தில் இன்னும் ஒரு அடியை இறக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் ஊர் புழுக்கத்துக்குத் தலைக்கு மேல் உயரம் வேண்டும். மேலே போட்ட கான்கிரீட்டில் பிரிப்புச் சுவரை ஒட்டி நீளவாக்கில் ஒரு பட்டையை வெட்டி, அங்கே ஓட்டுச் சரிவு இறக்கி, நடுநடுவே கண்ணாடி ஓடு போட்டோம். அந்தச் சுவருக்கு வெறும் சுண்ணாம்பு வெள்ளை. தரைக்குச் சிவப்பு சிமென்ட். காலையில் எட்டு மணிக்கே கூடம் இளஞ்சிவப்பாகிவிடும். இதில் என் கற்பனை என்று பெரிதாக ஒன்றுமில்லை, பழைய வீட்டுக் கணக்கைத் திரும்பப் போட்டேன்.

அந்தச் சிவப்புத் தரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடையில் வாங்கி ஒட்டும் டைல்ஸ் மாதிரி இல்லை, கொத்தனாரின் மணிக்கட்டுதான் அதில் எல்லாம். அடிக்காரை ஈரமாக இருக்கும்போதே சிமென்டும் ரெட் ஆக்சைடு பொடியும் கலந்த மேல்பூச்சைப் போட்டு, கரணையால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஈரம் இழுக்க இழுக்கத் தேய்ப்பு மாறும். முதலில் அகல வீச்சு, பிறகு குறுகிய அழுத்தம், கடைசியில் இரும்பு வழுக்கிக்கொண்டு போகும்போது ஒரு கீச்சுச் சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால் மினுக்கம் ஏறிவிட்டது என்று அர்த்தம். எனக்கு வேலை செய்யும் பெரியவர் அன்றைக்குக் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிடுவார். "காத்துப் பட்டா வெடிச்சுரும் பாப்பா, கதவத் தொறக்காத" என்பார். வேகமாகக் காய்ந்தால் மேல்பூச்சு சுருங்கி மயிரிழையாகக் கீறும், அதுதான் காரணம். ஆரம்பித்த பகுதியை அன்றைக்கே முடிக்கவும் வேண்டும். இல்லையென்றால் மறுநாள் ஒட்டுத் தெரியும். அப்புறம் ஒரு வாரமாவது தண்ணீர் கட்டி வைக்க வேண்டும். இப்படி ஒரு தரை உருவாவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள், அந்த அறைக்குள் மற்ற சாமான்களைக் குறைவாகத்தான் வைப்பார்கள்.

யோசனை கொடுப்பதில் வீட்டுப் பெரியவர்களுக்கு நிகராக யாரையும் சொல்ல மாட்டேன். ஒரு வீட்டில் மாடுலர் கிச்சன் வரைபடத்தை விரித்து எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டுப் பாட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. நான் எங்க உக்காந்து கீரை ஆயுறது?" என்றார். அடுப்பு மேடை நிற்பவர்களுக்கானது, முப்பத்துச் சொச்சம் அங்குலம். உட்கார்ந்து அரிவாள்மனையில் நறுக்கியே பழகியவருக்கு அங்கே இடமில்லை. கொல்லைக் கதவை ஒட்டி 16 அங்குல உயரத்தில் கடப்பா கல் போட்டு ஒரு மேடை கட்டினோம். கீழே முறமும் அரிவாள்மனையும் வைக்க ஒரு இழுப்பறை, பக்கத்துச் சுவரில் எழுந்திருக்கும்போது பிடித்துக்கொள்ள ஒரு கட்டை. அந்த உயரம் திண்ணைகளை அளந்து அளந்து கைக்கு வந்தது. இப்போது அந்த மேடையில்தான் பேரப்பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

இனி, பயணம். வேண்டும் என்றுதான் சொல்வேன்.

தக்கலை பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போயிருக்கிறீர்களா? தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும் கேரள அரசு பராமரிக்கும் இடம். அங்கே ராஜாவின் ஆலோசனை மண்டபமான மந்திரசாலையில் மரச் சட்டங்களைச் சாய்வாக அடுக்கிய சுவர்கள் இருக்கின்றன. உள்ளேயிருந்து பார்த்தால் வெளிச்சம் பட்டை பட்டையாக வரும், கண் கூசாது, கறுப்புத் தரை அதை வாங்கி வைத்துக்கொள்ளும். அங்கே டேப்பை எடுக்க முடியாது; சாண் கணக்கில் அளந்து நோட்டில் போட்டுக்கொண்டேன். திருவனந்தபுரத்தில் உள்ளூர் என்கிற பகுதியில், கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தில், துளை துளையாக விட்டுக் கட்டிய செங்கல் ஜாலிச் சுவர்களைப் பார்க்க வேண்டும். எலிப்பொறிக் கட்டு என்று செங்கல்லைக் குத்தவைத்து நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் முறையை அவர் பரவலாக்கினார். செங்கல் கிட்டத்தட்ட கால் பங்கு மிச்சம், வெற்றிடம் வெயிலையும் தடுக்கும். டெல்டாவில் சூளைக்குப் பஞ்சமில்லை, ஆனாலும் நாம் செங்கல்லைப் பூசி மறைப்பதிலேயே குறியாக இருக்கிறோம். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

கொழும்பில் ஜெஃப்ரி பாவாவின் வீடு என்னை அதிகம் பாதித்தது. வக்கீலாக இருந்து, 38 வயதில் கட்டடக் கலைஞரானவர் அவர். வரிசையாக இருந்த நான்கு சிறிய வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி ஒரே வீடாக மாற்றியிருக்கிறார். உள்ளே நுழைந்ததும் நீளமான வெள்ளை நடை, அதன் கடைசியில் மேலேயிருந்து இறங்கும் வெளிச்சம். வழியில் சின்னச் சின்னத் திறந்த வெளிகள், சிலவற்றில் ஒரு மரம், சிலவற்றில் கொஞ்சம் தண்ணீர். அங்கே நின்றபோது, எங்கள் ரேழியும் முற்றமும் ஏன் அந்த வரிசையில் இருக்கின்றன என்பது எனக்குப் பளிச்சென்று பிடிபட்டது. இருட்டான நடையைக் கடந்து வந்தால்தான் சிறிய வெளிச்சமும் பெரிதாகத் தெரியும். ஊருக்குத் திரும்பியதும் என் பாட்டி வீட்டு ரேழியின் அகலத்தை அளந்தேன். அதுவரை அளக்கத் தோன்றியதில்லை.

ஆத்தங்குடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே செய்யும் தரை டைல்ஸைச் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து நிறங்களை ஊற்றி, பின்னால் சிமென்டும் மணலும் கொட்டி, தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிறார்கள். மேற்பரப்பின் வழவழப்பு அந்தக் கண்ணாடியிடமிருந்து வருவது.

ஆனால் தொலைதூரம் போகாமலே காவிரிக்கரையில் கற்க இருப்பவை ஏராளம். நாச்சியார்கோயில் குத்துவிளக்குப் பட்டறைகளில் போய் நில்லுங்கள். வார்ப்புக்கு ஆற்று வண்டல் மண். பாதம், தண்டு, அகல், மேலே அன்னம் எல்லாம் தனித்தனியாக வார்த்து, கடைந்து, மரை போட்டுத் திருகிச் சேர்ப்பது. இரண்டு பாகம் சேரும் இடத்தில் ஒரு வளையம் வந்துவிடும். மூட்டும் அலங்காரமும் ஒன்றாகிவிடுகின்றன. மரச்சாமானில் மூட்டை மறைக்கப் படாதபாடு படும் எங்களுக்கு அது பெரிய பாடம். இப்போது நான் வரையும் கட்டில், அலமாரிகளில் மூட்டு வரும் இடத்தில் ஒரு கோடு தெரிகிற மாதிரியே விடுகிறேன், ஆசாரிக்கும் அது பிடித்திருக்கிறது.

இன்னொன்று, கருப்பூர் கலம்காரி. திருவாரூர் ஆழித்தேரைப் பார்த்தவர்களுக்குத் தொம்பை தெரியும். அலங்காரத்தோடு 96 அடி உயரம் நிற்கும் அந்தத் தேரில், துணியை உருளையாகத் தைத்துத் தொங்கவிட்டிருப்பார்களே, அதுதான். கடுக்காயில் ஊறிய துணியில், இரும்பும் வெல்லமும் சேர்த்துப் புளிக்கவைத்த கறுப்பைக் கொண்டு கையால் கோடிழுப்பது கலம்காரி. கைவினைஞர் ஒருவரிடம் சிறிய தொம்பைகளை எழுதி வாங்கி, உள்ளே மஞ்சள் பல்பு போட்டு, ஒரு வீட்டு மாடிப்படிக்கு மேலே தொங்கவிட்டேன். காற்றில் மெதுவாகச் சுற்றும். சாமி உருவம் வேண்டாம், கொடியும் அன்னமும் போதும் என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். கோயிலுக்குரியதைக் கோயிலுக்கு விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படுகிறது.

நிறத்துக்குப் பெரிய கோயில். அங்கே நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். அந்த உள்சுற்றுக்குள் எல்லோரும் போக முடியாது, ஆனால் நல்ல படங்கள் கிடைக்கின்றன. சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும் நிறங்கள் குறைவு. காவி, மஞ்சள், பச்சை, கறுப்பு, வெள்ளை என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். பெரும்பாலும் மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் வந்தவை என்பதால் ஒன்றுக்கொன்று சண்டை போடுவதில்லை. நிறம் தேர்ந்தெடுக்கத் தடுமாறும் வீட்டுக்காரர்களிடம் இந்த வரிசையைத்தான் முதலில் காட்டுகிறேன்.

கடற்கரை ஓரம் வேலை வந்தால் தரங்கம்பாடிக்கு ஒரு நடை போய்விட்டு வருவேன். டேனிஷ்காரர்கள் 1620-இல் கோட்டை கட்டிய ஊர். உப்புக்காற்றில் பழைய சுண்ணாம்புச் சுவரும் புதுசாக சிமென்ட் பூசிய சுவரும் எப்படி வெவ்வேறாக மூப்படைகின்றன என்று அங்கே பார்க்கலாம். சுவரில் ஓதம் ஏறினால் சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமென்ட் பூச்சு உள்ளேயே தடுத்து வைக்கும், பிறகு உப்புப் பூத்து, பொருக்குப் பொருக்காக உதிரும். அதனால் பழைய வீட்டில் வெளிச்சுவரை ஒட்டி வார்ட்ரோப் வைக்கக் கேட்டால், பின்னால் இடைவெளி விடச் சம்மதித்தால் மட்டும் செய்து கொடுக்கிறேன். ஓதமும் கரையானும் சேர்ந்தால் எந்த பிளைவுட்டும் தாங்காது.

நீங்கள் டெல்டாவுக்கு வருவதாக இருந்தால் சித்திரையில் ஒரு முறை, ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஒரு முறை வாருங்கள். வெயிலை ஒரு வீடு எப்படிச் சமாளிக்கிறது, மழையை எப்படிச் சமாளிக்கிறது என்று இரண்டையும் பார்க்க வேண்டும். தாராசுரத்தில் காலையில் ஆரம்பித்தால் நாச்சியார்கோயில் பட்டறைகளை மதியத்துக்குள் பார்த்துவிடலாம். ஐந்து மீட்டர் டேப் போதும். வீடுகளுக்குள் அனுமதி கேட்டு அளங்கள், பெரும்பாலும் காபி கொடுத்து உட்காரச் சொல்வார்கள். அப்போது வீட்டில் யார் எந்த நேரத்தில் எங்கே உட்காருவார்கள் என்று கேட்டு, அதையும் அளவுக்குப் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.