பணக்கொடையும் பிறப்புப் பதிவும்: முகாம் தாய் ஒருவருக்குப் பதில்

கேள்வி: நான் 1998இல் தமிழ்நாட்டில் உள்ள இலங்கை அகதிகள் முகாமில் பிறந்தேன். கணவர் மன்னாரில் பிறந்து 1990இல் கைக்குழந்தையாகப் படகில் வந்தவர். எங்கள் மகளுக்கு இப்போது எட்டு மாதம். முகாம் பதிவில் அவள் பெயர் இன்னும் ஏறவில்லை. சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்தால், அரசு மாதாமாதம் முகாமில் தரும் பணக்கொடை நின்றுவிடும் என்கிறார்கள். உண்மையா? 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த என் அக்காவும் பதியலாமா?

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுவோம். பணக்கொடை நிற்காது. அது இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் தரப்படும் உதவி. அப்படியிருக்க, குழந்தை இலங்கைக் குடிமகள் என்று ஒரு காகிதம் சொல்வதால் அதை ஏன் நிறுத்தப்போகிறார்கள்? முகாமில் இருந்து பெயரை எடுத்து வெளிப்பதிவுக்கு, அதாவது முகாமுக்கு வெளியே வாழும் அகதி என்ற பதிவுக்குப் போனால்தான் பணக்கொடை போகும். இந்த இரண்டையும் குழப்பித்தான் பேச்சு கிளம்பியிருக்கும்.

முகாம் பதிவுக்கு வேண்டியது உள்ளூர் பிறப்புச் சான்றிதழ். அதைக் குழந்தையின் பெயரோடு வாங்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். மருத்துவமனையில் பலருக்குப் பெயர் இல்லாமல்தான் பதிவாகிறது. ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அப்புறம் விண்ணப்பத்தை முகாம் வருவாய் ஆய்வாளரிடம் (ஆர்.ஐ.) எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாயால் கேட்டால் "அடுத்த மாதம்" என்பதுதான் பதிலாக வரும். அசையாவிட்டால் அந்த நகலோடு ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளுக்குப் போங்கள். 2021 அறிவிப்புப்படி குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500 ரூபாய்.

ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் 500 ரூபாயைவிடத் துணைத் தூதரகப் பதிவுக்குத்தான் அவசரப்படுவேன். உங்கள் மகள் இந்தியாவில் பிறந்திருந்தாலும் பிறப்பால் இந்தியக் குடிமகள் இல்லை. 2004 டிசம்பர் 3க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. இலங்கைச் சட்டமோ, வெளிநாட்டில் பிறந்த குழந்தையைப் பதிந்தால்தான் குடிமகளாக ஏற்கும். பதியாவிட்டால் இரண்டு நாட்டுக்கும் அவள் யாரும் இல்லை. பிறந்து ஓராண்டுக்குள் என்பது கணக்கு. தாண்டினாலும் வழி உண்டு, அலைச்சல்தான் கூடும். உங்களுக்கு நான்கு மாதம் இருக்கிறது.

உங்கள் சொந்தப் பிறப்பை உங்கள் பெற்றோர் சென்னையில் பதிந்தார்களா? இல்லை என்றால் நீங்களும் அதே நிலையில்தான் இருக்கிறீர்கள். அதற்காக மகளின் பதிவைத் தள்ளிப்போட வேண்டாம். தாய், தகப்பன் இருவரில் ஒருவர் இலங்கையர் என்றால் போதும். கணவரின் மன்னார் பிறப்புச் சான்றிதழை வைத்தே மகளைப் பதிய முயலலாம். அது படகிலேயே தொலைந்திருந்தால், ஊரில் உள்ள உறவினர் யாராவது பிரதேச செயலகத்தில் சான்றுபெற்ற பிரதி எடுத்து அனுப்பலாம். கணவரின் குடும்பம் மலையகப் பின்னணி (இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்) கொண்டது என்றால் மட்டும், அவர்களில் பலருக்கு முன்பு இலங்கைக் குடியுரிமை மறுக்கப்பட்டதால், முதலில் அவருடைய குடியுரிமைக்கு என்ன ஆதாரம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பலர் தடுக்கி விழுவது பெயரில். இலங்கைக் காகிதத்தில் தகப்பன் பெயர் முழுதாக இருக்கும், இங்கே ஒற்றை இனிஷியலாகச் சுருங்கியிருக்கும். ஆங்கில எழுத்துக் கூட்டல் வேறு, ஒவ்வொரு அலுவலகத்துக்கும் ஒரு மாதிரி. கணவரின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் திருமணச் சான்றிதழ், மகளின் பிறப்புச் சான்றிதழ் மூன்றையும் ஒரே மேசையில் பரப்பி எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். திருத்தம் இருந்தால் சென்னைக்கு வண்டி ஏறும் முன்பே முடியுங்கள். அகதிகளுக்கு உதவும் அமைப்பான ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தினர் இந்த வேலையில் பழுத்தவர்கள், கேளுங்கள்.

சரி, அக்கா. அவர் இப்போது எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன் அல்லது குடிமகள். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்கும்படி 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அப்படிப்பட்டவர் தானாக விரும்பி இலங்கைக் குடியுரிமை வாங்கினால், இந்தியக் குடியுரிமை பறிபோய்விடும். ஒரே தாய் வயிற்றில் பிறந்த உங்கள் இருவருக்கும் சட்டம் வேறு வேறு. அவர் பிறந்த இடத்தைக் காட்டும் மண்டபம் காகிதம் எது கிடைத்தாலும் பத்திரப்படுத்திக்கொண்டு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகட்டும். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவச வழக்கறிஞர் தருவார்கள்.

இன்னொன்று. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துள்ள இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லை என்று தண்டனை கிடையாது என 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு விலக்கு அளித்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நல்லதுதான், ஆனால் அது குடியுரிமை இல்லை. அதைக் காட்டி "இனிப் பதிவெல்லாம் வேண்டாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இந்த வாரமே மன்னாருக்கு ஒரு போன் போடுங்கள். மற்ற காகிதங்களைவிடக் கணவரின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி வந்து சேரத்தான் நாள் பிடிக்கும்.