மெகாவலாஞ்ச் பாதையில் சைக்கிளில் இறங்குவது அவ்வளவு கடினமா?

மலைச் சைக்கிளில் நல்ல அனுபவம் இருந்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதும், ஆனால் அந்த அனுபவம் எந்த மாதிரி என்பதுதான் முக்கியம்.

பிரான்சின் ஆல்ப் துவேஸ் பகுதியில், பிக் பிளாங் சிகரத்தில் ஏறத்தாழ 3,300 மீட்டர் உயரத்தில் பாதை தொடங்குகிறது. 20 கிலோமீட்டருக்கும் மேல் ஓடி, சுமார் 2,600 மீட்டர் கீழே அல்மோன் கிராமத்தில் முடிகிறது. 1995 முதல் இங்கே பந்தயம் நடக்கிறது.

எல்லோரும் பயப்படுவது மேலே உள்ள, பனி மூடிய சரிவுக்கு. அங்கே முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் சக்கரம் வழுக்கிவிடும். உடலைப் பின்னுக்குத் தள்ளி, பின் பிரேக்கை மெல்லத் தொட்டு, சைக்கிளைத் தன் போக்கில் விட வேண்டும். சொல்வது எளிது, கை தானாகவே பிரேக்கை இறுக்கும்!

என் கணிப்பில், உண்மையான சோதனை அதற்கு அப்புறம்தான். பாறைகளும் கூர்வளைவுகளும் முடியவே முடியாது. முன்கை மரத்துப்போய் விரல் மடங்காது. பிரேக்கை விடாமல் பிடித்தால் டிஸ்க் சூடேறிப் பிடிமானம் குறையும். வளைவுக்கு முன்பே அழுத்திப் பிடித்து, உடனே விட்டுவிடுங்கள். காற்று மெலிந்த உயரம் என்பதால் சிறு ஏற்றம்கூட மூச்சு வாங்க வைக்கும்.

முகத்தையும் மூடும் ஹெல்மெட், முட்டிக்காப்பு இல்லாமல் தயவுசெய்து போகாதீர்கள்.