இலை செழித்தும் பூக்காத செடிகள்

வீட்டுத் தோட்டம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மார்கழி இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே மனக்குறைதான்: "செடி தளதளவென்று நிற்கிறது, பூ மட்டும் இல்லை." பட்டுப்போன செடியை ஒருநாள் பிடுங்கிப் போட்டுவிட்டு ஆறுதல் அடைந்துவிடலாம், பச்சைப்பசேலென்று நின்றுகொண்டு ஒரு மொட்டும் காட்டாத செடியை நாள்தோறும் காலையில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே இம்முறை அத்தகைய கடிதங்களையே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: மொட்டைமாடியில் பெரிய தொட்டி ஒன்றில் மூன்று ஆண்டுகளாகக் காகிதப்பூச் செடி வளர்க்கிறேன். தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கடலைப் பிண்ணாக்கைப் புளிக்கவைத்துக் கரைத்து விடுகிறேன். ஆளுயரம் தாண்டி வளர்ந்துவிட்டது. நாற்றுப் பண்ணையில் வாங்கிய அன்று இருந்த பூவுக்குப் பிறகு ஒரு கொத்துகூட வரவில்லை. வேறு என்ன உரம் போடலாம்?
(வாசகி, திருச்சி)

பதில்: உரம் எதுவும் வேண்டாம் என்பதே என் முதல் பதில். நான்குவழிச் சாலைகளின் நடுத்திட்டில், எரிக்கும் வெயிலில் காகிதப்பூ எப்படிப் பூத்துக் கிடக்கிறது என்பதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இச்செடி, மண்ணில் ஈரம் குறையும் காலத்தில்தான் இலை வளர்ச்சியை நிறுத்திவிட்டுப் பூக்கத் தொடங்கும். நாள்தோறும் தண்ணீரும், தழைச்சத்து மிகுந்த பிண்ணாக்குக் கரைசலும் கிடைத்துக்கொண்டே இருக்கும்போது, இலையும் கொம்புமாக நீள்வதை விட்டுவிட்டுப் பூப்பதற்கு அதற்கு ஒரு காரணமும் இல்லாமல் போய்விடுகிறது.

மழை ஓய்ந்து தை பிறந்ததும், நீண்ட கொம்புகளின் நுனியை ஒரு முழம் அளவுக்கு வெட்டிவிட்டு, தண்ணீரைக் குறையுங்கள். மேல்மண்ணில் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, அங்கும் உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். பிற்பகலில் இலை சற்றுத் துவண்டால் பதற வேண்டாம். மாலையில் தானாக நிமிர்ந்துவிடும். மறுநாள் காலையிலும் துவண்டே இருந்தால் தாமதிக்காமல் தண்ணீர் விடுங்கள். குறைந்தது ஐந்து மணி நேரமாவது நேர் வெயில் விழும் இடத்தில் தொட்டி இருக்க வேண்டும். சில வாரங்களில் புதுத் தளிரின் இலைக்கக்கங்களில், அதாவது இலை தண்டோடு சேரும் இடங்களில், நிறம் தெரியும். அந்த நிறம் உண்மையில் பூவிதழ் அன்று, பூவடிச் செதில், அதாவது பூவை ஒட்டி நிற்கும் நிறமேறிய இலை. மூன்று செதில்களுக்கு நடுவே வெண்மையாகக் குழல்போல் நீண்டு நிற்கும் சிறியதுதான் பூ. பக்கத்தில் நின்று பார்ப்பவர்களுக்குக் கிடைக்கும் இந்தக் காட்சிக்காகவே இச்செடியை ஒரு தொட்டியிலாவது வைக்க வேண்டும் என்பேன்.

கேள்வி: நானும் எதிர்வீட்டு அம்மாவும் ஒரே நாளில், ஒரே நாற்றுப் பண்ணையில் மஞ்சள் சாமந்தி வாங்கினோம். அவர் வீட்டில் ஐப்பசி முதலே பூத்துக் குலுங்குகிறது. என் வீட்டு வாசலில் உள்ள மூன்று தொட்டிகளிலும் இலைதான். மண், உரம் எல்லாம் அவர் சொல்லித்தந்தபடியே செய்தேன்.
(வாசகர், தாம்பரம்)

பதில்: உங்கள் வாசலில் இரவு முழுவதும் விளக்கு எரிகிறதா? கடிதத்தில் அதைப்பற்றி ஒன்றும் இல்லை. எனினும் ஐயம் அங்கேதான் போகிறது. சாமந்தி, இரவு நீண்டால்தான் மொட்டுக் கட்டும் இனம். பகல்பொழுதின் நீளம் சில செடிகளின் பூப்பைத் தீர்மானிக்கிறது என்பதை அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு என்னும் இருவர் புகையிலைச் செடியை வைத்து 1920-இல் எழுதிக்காட்டினார்கள். சென்னைப் பக்கம் மார்கழியில் பகல் ஏறத்தாழ 11 மணி 20 நிமிடந்தான், ஆதலால் சாமந்திக்கு இது உகந்த பருவம். ஆனால் செடியின் மீது இரவில் மெல்லிய ஒளி விழுந்துகொண்டிருந்தாலும், இரவு வந்ததாகவே அது கணக்கில் கொள்வதில்லை. கர்நாடகத்தில் சிக்கபள்ளாபூர் பக்கத்து உழவர்கள் இதையே தமக்குச் சாதகமாக்கி, வயல் முழுவதும் இரவில் மின்விளக்கு எரியவிட்டு, விலை கிடைக்கும் நாள்வரை சாமந்தி பூப்பதைத் தள்ளிவைக்கிறார்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்து அறிவதற்கு முன்பே என் வீட்டில் கண்டேன். தெருவிளக்குக்கு நேராகக் கைப்பிடிச் சுவரில் இரண்டு தொட்டிகளும், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒன்றும் வைத்திருந்தேன். நிழலில் இருந்த, யாரும் சரியாகக் கவனிக்காத அந்த ஒன்றுதான் பூத்தது. ஓர் ஆண்டு முழுவதும் மண்ணையும் உரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்த வருத்தம் இன்றும் எனக்கு உண்டு.

தொட்டிகளை இருட்டான பக்கத்துக்கு மாற்றுங்கள். மாற்ற இயலாவிட்டால், மாலை ஆறு மணிக்குக் கருப்புத் துணியால் மூடிக் காலையில் எடுத்துவிடுங்கள். ஒரு நாளும் தவற விடாதீர்கள். பூ விரிய ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். கிறிஸ்துமஸ் காலத்தில் விற்கப்படும் பாயின்செட்டியாவுக்கும் இதே முறைதான்.

கேள்வி: சிவப்பு ரோஜாச் செடியில் அடியிலிருந்து ஒரு கொம்பு மட்டும் மளமளவென்று வளர்கிறது. மற்ற கொம்புகள் மெலிந்துவிட்டன, பூவும் நின்றுவிட்டது.
(வாசகி, சேலம்)

பதில்: ஒட்டுக்கட்டிய செடியில் நேர்வதுதான் இது. அடித்தண்டில் முடிச்சுபோல் புடைத்த இடம் ஒன்று தெரியும். அதற்குக் கீழிருந்து இக்கொம்பு கிளம்பியிருந்தால், அது நீங்கள் வாங்கிய ரோஜா அன்று, அதைத் தாங்கும் வேர்க்கட்டையின் துளிர். மண்ணை விலக்கி, கொம்பு தோன்றும் இடத்திலேயே பிடித்துக் கீழ்நோக்கி இழுத்துக் கிள்ளி எடுங்கள். கத்தரித்தால் மறுபடியும் துளிர்க்கும்.

காரைக்குடி வாசகி ஒருவரின் அனுபவம்: "என் அடுக்குச் செம்பருத்தியின் மொட்டுகள் மாவுப்பூச்சி மொய்த்து, விரியாமலே உதிர்ந்தன. வேப்பெண்ணெய் தெளித்தால் பத்து நாளில் மீண்டும் வந்தது. பிறகு எறும்பு ஏறுவதைக் கவனித்து, உணவு அலமாரிக்கு அந்தக் காலத்தில் என் மாமியார் செய்ததுபோல், தொட்டி நிற்கும் இரும்புத் தாங்கியின் நான்கு கால்களுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைத்தேன். இரண்டு மாதமாகப் பூச்சி தென்படவில்லை."

நம் பதில்: மிகச் சரியான இடத்தில் கைவைத்திருக்கிறீர்கள். மாவுப்பூச்சி கசியவிடும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கின்றன. அதைத் தின்ன வரும் பொறிவண்டுகளை விரட்டுகின்றன. எறும்பு ஏறுவது நின்றுபோனால் பொறிவண்டு வரும். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். 1898-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட பொறிவண்டு இனம் ஒன்றின் புழுவும், மாவுப்பூச்சி போலவே வெள்ளை மெழுகு இழைகள் போர்த்தியிருக்கும். அறியாமல் அதையும் நசுக்கிவிடுகிறோம். மாவுப்பூச்சியைவிடப் பெரிதாக, தொட்டவுடன் விரைந்து ஓடினால் அது நமக்கு உதவும் புழு, அதை விட்டுவிடுங்கள். கிண்ணத்துத் தண்ணீரில் கொசு முட்டையிடும், ஆகையால் மூன்று நாளுக்கு ஒருமுறை கொட்டிக் கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டு மாற்றுங்கள். செம்பருத்தியின் கிளை எதுவும் சுவரைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எறும்புக்கு அந்த ஒரு வழி போதும்.